பழைய வேனும் நாலு முழ நாடாவும்

இப்ப நம்ம பக்கத்துல ஒரு புது ஆசை பரவிக்கிட்டு இருக்கு. பதினஞ்சு, இருபது வருஷம் ஓடின வேனை வாங்கி, பின் சீட்டைக் கழட்டிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணி டேங்க் எல்லாம் வச்சு ஓடும் வீடா மாத்திடறது. (சினிமாக்காரங்களோட கேரவனுக்கு ஒண்ணுவிட்ட தம்பி!) எங்க மாமா ஒருத்தரும் வாங்கியிருக்கார். மேல்மலையனூர், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம்னு பட்டியல் தயார். மெத்தைக்கு என்ன துணி போடலாம்னு ஊரெல்லாம் கேக்கறார். பெல்ட் எங்க மாமான்னா, "முன்னாடி ரெண்டு இருக்கே மாப்ள, பின்னாடிக்குக் குஷன் கடையில சொல்லி நாலு நாடா தைச்சுக்கலாம்"ங்கறார்.

அந்த நாலு நாடாவைப் பத்திதான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பழைய வேனுக்குப் பெல்ட் போடறதுங்கறது நாடா வாங்கற வேலை இல்ல, இரும்பு வேலை. அந்த இரும்பு வேலையைச் செய்ய முடியாத இடத்துல சீட்டே இருக்கக் கூடாது. சும்மா தொங்கற பெல்ட், பெல்ட் இல்லாததைவிட மோசம். அதை நம்பித்தானே குழந்தையை அங்க உக்கார வைப்போம்?

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பத்தாங்கிளாஸ் பௌதிகம்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி நிக்குதுன்னா, உள்ள பெல்ட் போடாம இருக்கற ஆளுக்கு அது பத்து மீட்டர் உயரத்துலேர்ந்து விழற மாதிரி. அதாவது மூணு மாடி. எண்பதுல போனா இருபத்தஞ்சு மீட்டர், எட்டு மாடி. நாலு வழிச்சாலையில ஏறிட்டா எந்த வேன் எண்பதுக்குக் கீழ போகுது, சொல்லுங்க?

அறுபது கிலோ ஆளை அந்த ஐம்பது கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து அரை மீட்டருக்குள்ள நிறுத்தணும்னா, பெல்ட் சராசரியா ஒரு டன்னுக்கும் மேல இழுவை தாங்கணும். ஐரோப்பிய விதிப்படி கார்ல பெல்ட் மாட்டற இடத்தைச் சோதிக்கறப்ப, தோள்பட்டைக்கும் இடுப்புப்பட்டைக்கும் தனித்தனியா சுமார் 1,350 கிலோ இழுத்துப் பாக்கறாங்க. இப்ப அந்த நாடாவை பிளைவுட் பெஞ்சுல நாலு திருகாணி போட்டு இறுக்கியிருக்கறதை நெனச்சுப் பாருங்க. நாடா அறுந்து போகாது. ஆள், நாடா, பெஞ்சு எல்லாம் சேர்ந்து டிரைவர் முதுகுக்கு வரும்.

அதனால பெல்ட்டைவிட அது பிடிச்சிருக்கற இடம்தான் முக்கியம். வேனோட சட்டத்துலயோ, தரைக்கு அடியில கனமான தகடு வச்சோ போல்ட் போடணும். மூணு முனைப் பெல்ட்டுன்னா மேல் முனை தோள் உயரத்துல பலமான தூண்ல நிக்கணும். இடுப்புப்பட்டை மட்டும் போட்டா மோதறப்ப உடம்பு அப்படியே மடங்கும், முழு இழுவையும் வயித்துலதான் விழும். வால்வோ கம்பெனியில நில்ஸ் போலின் 1959-ல மூணு முனைப் பெல்ட்டைக் கொண்டு வந்ததே இதுக்காகத்தான். காப்புரிமை வாங்கியும் மத்த கம்பெனிகளும் தாராளமா போட்டுக்கட்டும்னு விட்டாங்க. நல்ல மனசு.

இதுல கடலூர்க்காரங்களுக்குன்னு தனியா ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு உப்புக்காத்து. மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாத்தா தரை அப்பளம். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ள இறங்கிச்சுன்னா அங்க எந்த போல்ட்டும் நிக்காது. முதல்ல வெல்டிங் பட்டறை, அப்புறம்தான் பெல்ட். ரெண்டாவது வெள்ளம். 2015 மழையில முங்கின வண்டி எத்தனை, 2024 டிசம்பர்ல தென்பெண்ணை வந்தப்ப முங்கினது எத்தனை! பெல்ட்டைச் சுருட்டற பெட்டி பெரும்பாலும் தூணோட அடியிலதான் இருக்கும். சேறு புகுந்தா உள்ள இருக்கற குண்டும் பல்லும் எப்ப பிடிக்கும், எப்ப பிடிக்காதுன்னு சொல்லவே முடியாது. கழுவி எண்ணெய் விட்டாச்சுங்கற கதையெல்லாம் வேண்டாம், மாத்திடுங்க.

பழைய இரும்புக் கடையிலேர்ந்து பெல்ட் எடுத்து மாட்டறதும் அப்படித்தான். அந்த வண்டி ஏன் இரும்புக் கடைக்கு வந்ததுன்னு யோசிச்சீங்களா? ஒரு தடவை விபத்துல இழுபட்ட பெல்ட் மறுபடி அதே வேலையைச் செய்யும்னு நம்ப முடியாது. இன்னொண்ணு, அந்தச் சுருட்டுப் பெட்டியை எந்தச் சாய்வுக்குச் செஞ்சாங்களோ அதே சாய்வுலதான் மாட்டணும். கோணம் மாறினா ஒண்ணு சும்மாவே பூட்டிக்கும், இல்ல பூட்டவேண்டிய நேரத்துல பூட்டாது.

பக்கவாட்டு பெஞ்சு இருக்கே, எதிரும் புதிருமா உக்காந்து சீட்டு விளையாட! அதுல பெல்ட் போட்டாலும் முன்பக்க மோதல்ல உடம்பு பக்கவாட்டுலதான் ஒடியும். வண்டி நிக்கறப்ப மட்டும் வச்சுக்குங்க. ஓடறப்ப எல்லாரும் முன்னாடி பாத்த சீட்டுல இருக்கணும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெல்ட் போடலைன்னா அபராதம் ஆயிரம் ரூபாய். முன்னாடி பாத்த பின் சீட்டுலயும் பெல்ட் குடுத்திருந்தா போட்டே ஆகணும். 2022 செப்டம்பர்ல மும்பைப் பக்கம் சைரஸ் மிஸ்திரி கார் விபத்துல போனதுக்கு அப்புறம்தான் நாடே பின் சீட்டுப் பெல்ட்டைப் பத்திப் பேசிச்சு. அவர் உக்காந்திருந்தது பின் சீட்டுல, பெல்ட் போடாம. கோடீஸ்வரர் காருல பெல்ட் இருந்தும் போடலை, நம்ம வேனுல போடறதுக்கே இல்லை. அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. சீட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க. எஃப்.சி.க்குப் போறப்ப கையைப் பிசையாதீங்க.

செலவு ஆகும்தான். தகடு, வெல்டிங், புது பெல்ட், அதுக்கேத்த சீட்டு எல்லாம் சேத்தா மெத்தைக்கும் திரைக்கும் வச்சிருந்த காசு போயிடும். பத்து பேர் போற இடத்துல ஆறு பேர்தான் போக முடியும்னும் ஆகலாம். மீதி நாலு பேருக்குக் கோவம் வரும். வரட்டும்.

கட்டில்ல படுத்துக்கிட்டே ராமேஸ்வரம் போகணும்னு வீட்டுப் பெரியவங்க அடம் பிடிச்சா ஒரே வழிதான். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போய் ராத்திரி ரயிலுக்கு பெர்த் போட்டுக் குடுத்துடுங்க :-)