கதவு சாத்த மாட்டேங்குதா? கடலோர வீடுகளில் மரம் தரும் எச்சரிக்கை... கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி?

மழைக்காலம் வந்தாலே கடலோர ஊர்களில் எல்லா வீட்டிலும் கேட்கிற புகார் ஒன்று உண்டு. வாசல் கதவு இறுகிப்போச்சு, ஜன்னல் திறக்க வரலை, நிலையோட அடிப்பக்கம் கறுத்துப்போச்சு. "மழைக்கு மரம் ஊதிடுச்சு, வெயில் வந்தா சரியாயிடும்" என்று நாமும் விட்டுவிடுகிறோம். பாதி நேரம் அது உண்மைதான். மீதி நேரம் அது ஆபத்தின் முதல் அறிகுறி.

2014 நவம்பரில் பெய்த கனமழையில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நகராட்சிக் கட்டடம் அது. பிறகு அதே தோற்றத்தில் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசுக் கட்டடம் என்பதால் மறுபடி எழுப்ப முடிந்தது. அதே காலத்துக் கூரையோடு புதுச்சேரியிலும், சென்னை மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளிலும் இன்னும் ஏராளமான வீடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

கடலோரத்தில் மட்டும் ஏன் இப்படி?

முதல் காரணம் உப்பு. கடற்காற்றில் வரும் உப்பு மரத்தின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அதாவது, மழை பெய்யாத நாளிலும் மரத்தின் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும்.

இரண்டாவது, ஆணி. உப்புக் காற்றில் இரும்பு ஆணி, கீல், திருகு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஏறிய ஆணி பருத்து மரத்தைப் பிளக்கும். சுற்றியுள்ள மரமும் கறுத்து வலுவிழக்கும். மரம் நன்றாக இருந்தும் கதவு கீலோடு கையில் வந்துவிடுவது இதனால்தான்.

மூன்றாவது, நாமே செய்யும் வேலை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர், உள்ளே போன ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுவருக்குள் நுழைந்திருக்கும் உத்திரத்தின் முனைதான் அந்த ஈரத்தைக் குடிக்கும்.

உளுத்ததா, செல்லரித்ததா, இற்றுப்போனதா?

எல்லாவற்றையும் "மரம் உளுத்துப்போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் நம்ம ஊர் வழக்கிலேயே இதற்குத் தனித்தனி வார்த்தைகள் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

இற்றுப்போதல்: பூஞ்சை செய்யும் வேலை. மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, காய்ந்தால் கட்டம் கட்டமாக வெடிக்கும். மரத்துக்குள் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. எனவே இதற்கு முதல் மருந்து, ஈரத்தை நிறுத்துவதுதான்.

செல்லரித்தல்: கரையான். சுவரிலும் நிலையிலும் மண் கோடு ஏறியிருந்தால், அது தரைக்குள்ளிருந்து வரும் கரையான். முதல் மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றுகிற ஈசல், சிறகு முளைத்த கரையான்தான். வீட்டுக்குள்ளேயே ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்த சிறகுகள் குவிந்து கிடந்தால் கூடு பக்கத்தில் இருக்கலாம். மண் கோடே இல்லாமல், மரத்துக்குக் கீழே கசகசா போன்ற சின்ன உருண்டைகள் கொட்டிக் கிடந்தால், அது மரத்துக்குள்ளேயே வாழும் கரையான்.

உளுத்தல்: வண்டு வேலை. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், கீழே மாவு போல தூள். கூட்டிய பிறகும் அதே இடத்தில் புதிதாக மாவு விழுந்தால், புழு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கலாம்.

"தேக்கு மரமாச்சே, ஒண்ணும் ஆகாது" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். தேக்கின் நடுவயிரத்துக்குத்தான் அந்தப் பலம். வெளிப்பக்கம் வெளிறியிருக்கும் பால்மரத்தைப் பூச்சி தாராளமாகத் தின்னும்.

ஐந்து நிமிட சோதனை

ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நிலையின் அடிப்பகுதி, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலை, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றையும் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் தடுக்கும். கெட்ட மரத்தில் அரை அங்குலம் சுலபமாக இறங்கும். பிறகு பிடியால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது, சத்தம் பொள்ளலாக வந்தால் உள்ளே காலி.

கதவு இறுகுகிறது, ஆனால் குத்தினால் இறங்கவில்லை, பொள்ளல் சத்தமும் இல்லை என்றால் அது வெறும் ஊதல். அவசரப்பட்டு மழைக்காலத்திலேயே இழைக்க வேண்டாம். கோடையில் மரம் சுருங்கியதும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி விழும்.

சரி, எப்படி ரிப்பேர் பண்ணலாம்?

வரிசை முக்கியம். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும்: மாடி ஒழுகல், உடைந்த குழாய், ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு விரிசல். அடுத்து மரத்தைச் சில வாரம் காற்றாட உலரவிட வேண்டும். அதன்பிறகுதான் ஆசாரியைக் கூப்பிட வேண்டும். ஈர மரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான்.

நிலையின் அடி மட்டும் போயிருந்தால் முழு நிலையையும் பெயர்க்கத் தேவையில்லை. கெட்ட பகுதியை, நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே வகை மரத்தில் சாய்வாக வெட்டி ஒட்டுப்போடலாம். வெட்டுமுகத்தில் பிரைமர் பூச மறக்கக் கூடாது, ஏனென்றால் மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அந்த முனையில்தான். திருகு பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கட்டும். எஃகில் 316 என்ற தரம் உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும்.

வண்டுக்கும் மரத்துக்குள் வாழும் கரையானுக்கும் போராக்ஸ் - போரிக் அமிலக் கரைசல் பூசலாம். பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் மரத்தில்தான் அது உள்ளே இறங்கும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கே ஏற்றது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கணும்.

தரைக்கரையானுக்கு மண் கோட்டைச் சுரண்டினால் மட்டும் போதாது. அது மறுபடி கட்டிவிடும். தரையிலும் சுவர் ஓரத்திலும் மருந்து செலுத்த வேண்டும். இதற்கு ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதிமுறை இருக்கிறது. ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு அதன் 3-ம் பகுதி. ஆள் வைக்கும்போது "அந்த முறைப்படிதான் செய்றீங்களா?" என்று கேளுங்கள்.

மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டும் மரத்தின் ஆழத்துக்குப் போகாது, தீப்பிடிக்கும் அபாயம்தான் மிச்சம்.

உத்திரம் என்றால் விளையாட்டு இல்லை

'மெட்ராஸ் டெரஸ்' என்பது மர உத்திரம், அதன்மேல் கட்டைகள், அதன்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து போட்ட கூரை. மொத்த பாரமும் மரத்தின் மேல்தான். அந்த மரத்தின் முனை சுவருக்குள் மறைந்திருப்பதால், இற்றுப்போனாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெளியே தெரிகிற அறிகுறிகள் இவைதான்: உத்திரம் நடுவில் தொய்வது, சுவரோரம் மரம் கறுப்பது, கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்வது, கட்டைகளை ஒட்டியே நீளமாக விரிசல் விடுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த அறையில் படுப்பதை நிறுத்துங்கள். முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை வரவழையுங்கள். ஒழுகலை நிறுத்துகிறேன் என்று மாடியில் இன்னொரு அடுக்கு கான்கிரீட் போடுவது மிகப் பெரிய தவறு. இற்ற மரத்தின் தலையில் இன்னும் பாரம் ஏற்றுவது அது.

வாடகை வீடு என்றால் செலவு யாருடையது?

பழைய வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள், "சொன்னா காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்று பயந்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகளை வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. வாடகைதாரரால் ஏற்பட்ட சேதம் அதில் சேராது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதை போட்டோ எடுத்து, தேதியோடு எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பதிவாக இருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை சோதித்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்த பிறகு ஜனவரியில் ஒரு முறை. செப்டம்பரில் மாடியையும் சன்ஷேடையும் பாருங்கள். ஜனவரியில் ஸ்க்ரூடிரைவரோடு நிலையையும் உத்திரத்தையும் பாருங்கள். ஒரு அடி மரத்தை மாற்றும் செலவோடு முடிகிற வேலையை, கூரை இறங்குகிற வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.