கவர்னர் ஆல்ட்கெல்ட் அளித்த விடுதலை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ராஜ்யங்களில் கீர்த்தி பெற்ற கவர்னர்கள் யாவரென்று வினவினால், பிற்பாடு ஜனாதிபதி பீடம் ஏறியவர்களின் பெயர்களையே பலரும் சொல்லுவர். நியூயார்க்கின் கிளீவ்லண்டு, ரூஸ்வெல்ட்டுகள் இருவர், நியூஜெர்ஸியின் வில்ஸன் என்று அந்த ஜாபிதா நீளும். இந்த அளவுகோல் நமக்குச் சம்மதமில்லை. இல்லினாய்ஸ் ராஜ்யத்தில் 1893 முதல் 1897 வரை கவர்னராயிருந்த ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் இவர்களில் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பது நமது அபிப்பிராயம். நம் நாட்டைப் போல் அங்கே கவர்னர் மேலிருந்து நியமனம் பெறுபவரல்லர். ஜனங்களின் வோட்டினால் வருபவர், அதே வோட்டினால் போகவேண்டியவர். இதை மனத்திற் கொண்டாலன்றி ஆல்ட்கெல்ட் செய்த காரியத்தின் பெருமை விளங்காது.

அவர் 1847-ல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக ஓஹையோவுக்குக் கொண்டுவரப்பட்டவர். ஏழைக் குடியானவரின் மகன். பதினாறாம் பிராயத்தில் உள்நாட்டு யுத்தத்தில் வடவர் சேனையிற் சேர்ந்தார். பின்னர் வக்கீலாகி, சிக்காகோவில் பொருளீட்டி, ஜட்ஜாகவும் இருந்தார். அந்நிய மண்ணிற் பிறந்தவராதலால் அரசியல் சட்டப்படி ஜனாதிபதியாக அவருக்கு உரிமையில்லை.

1886 மே 4-ந் தேதி இரவு, சிக்காகோ ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டமொன்றைக் கலைக்க வந்த போலீஸார்மீது யாரோ வெடிகுண்டு எறிந்தான். போலீஸார் எழுவர் மாண்டனர். கூட்டத்தினரிலும் சிலர் இறந்தனர். எறிந்தவன் இன்னானென்று இறுதிவரை ருஜுவாகவில்லை. எனினும் அராஜகக் கொள்கையினர் எண்மர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். 1887 நவம்பரில் நால்வர் தூக்கிலேறினர். ஒருவர் அதற்கு முந்திய நாள் சிறையிலே உயிரை மாய்த்துக்கொண்டார். பீல்டன், ஷ்வாப், நீபி என்ற மூவரே எஞ்சினர்.

ஆல்ட்கெல்ட் பதவியேற்றதும் இம்மூவருக்குக் கருணை காட்டவேண்டுமென்று மகஜர் வந்தது. வியாபாரிகளும் வக்கீல்களும் உட்படப் பல்லாயிரவர் கையொப்பமிட்டிருந்தனர். இவர்கள் அனுபவித்த தண்டனை போதும் என்பதே அவர்களிற் பலருடைய வாதம். சத்தமின்றி ஒரு கையெழுத்திட்டு அனுப்பியிருந்தால் கவர்னரைத் தயாளு என்று கொண்டாடியிருப்பார்கள். அவரோ அந்தச் சுலபமான வழியை ஏற்கவில்லை. விசாரணை நேர்மையாக நடந்திருந்தால் கவர்னர் குறுக்கிட யாதொரு முகாந்தரமுமில்லை, எத்தண்டனையும் அதிகமாகாது என்றார். ஆகவே விசாரணையையே விசாரிக்கப் புகுந்தார். ஜூரிகள் விசேஷமாக நியமிக்கப்பட்ட ஒரு பேலிப்பினால் பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். முன்கூட்டியே விரோத எண்ணம் உண்டென்று ஒப்புக்கொண்டவர்களையும் ஜட்ஜ் தள்ளவில்லை. குண்டெறிந்தவன் யாரென்றே தெரியாதபோது அவனைத் தூண்டியவர் இவரென்பது எங்ஙனம் நிலைக்கும்? இவற்றையெல்லாம் நீண்டதோர் அறிக்கையில் வகுத்தெழுதி, 1893 ஜூன் 26-ல் மூவரையும் பூரணமாக விடுதலை செய்தார்.

கருணையாக விடுத்திருந்தால் தூக்கிலிடப்பட்ட நால்வரும் குற்றவாளிகளாகவே நின்றிருப்பர். நியாயமாக விடுத்தமையால் கோர்ட்டே கூண்டிலேறிற்று. பணக்கார வர்க்கம் பொறுக்கமுடியாமற் போனது இதைத்தான். சிக்காகோ டிரிப்யூன் முதலிய பத்திரிகைகள் அவரை அராஜகவாதி என்று வைதன. அவருடைய பிறப்பையும் இழித்துரைத்தன. நமது தொழிலைச் சேர்ந்தவர்கள் இவ்வண்ணம் எழுதியதை எண்ணி வெட்குகிறோம்.

அடுத்த ஆண்டே மற்றொரு சோதனை வந்தது. புல்மன் கம்பெனி கூலியைக் குறைத்து, தொழிலாளர் வீட்டு வாடகையை மாத்திரம் குறையாமல் வசூலித்தது. ரெயில்வே வேலைநிறுத்தம் மூண்டது. கிளீவ்லண்டு, கவர்னர் கேளாமலே சிக்காகோவுக்கு மத்திய சர்க்காரின் பட்டாளத்தை அனுப்பினார். அவரும் ஆல்ட்கெல்ட்டும் ஒரே கட்சியினர் என்பது கவனிக்கத்தக்கது. ராஜ்யத்தின் சேனை தயாராயிருக்க இது அக்கிரமமென்று ஆல்ட்கெல்ட் தந்தி மூலம் கண்டித்தார். 1895-ல் சுப்ரீம் கோர்ட் ஜனாதிபதியின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ராஜ்ய உரிமை என்ற வாதத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பவரல்லோம். 1957-ல் அர்க்கன்ஸாஸ் கவர்னர் பாபஸ் நீக்ரோ மாணவரைப் பள்ளிக்கூட வாயிலிலே தடுத்தபோதும் அதே வாதத்தைத்தான் எடுத்தார். அப்போது ஐஸன்ஹோவர் பட்டாளம் அனுப்பியது சரியே. உரிமை யாரைக் காக்க எடுக்கப்படுகிறது என்று பார்க்கவேண்டும்.

1896-ல் தம் கட்சி மகாநாட்டில் கிளீவ்லண்டின் கொள்கையைத் தோற்கடிப்பதில் ஆல்ட்கெல்ட் முன்னின்றார். அதே ஆண்டில் கவர்னர் தேர்தலில் தாமும் தோற்றார். செல்வமும் கரைந்தது. கிளாரன்ஸ் டாரோ என்ற பிரசித்த வக்கீலோடு சேர்ந்து மறுபடி தொழில் நடத்தினார். 1902 மார்ச்சில், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தை எதிர்த்துப் போராடிய போயர்களுக்கு அனுதாபமாக ஒரு கூட்டத்திற் பேசினார். (போயர்கள் நம்மவர்க்கு இழைத்ததை நாம் மறந்தோமில்லை, அது வேறு விஷயம்.) அன்றிரவே நோயுற்று விழுந்து, மறுநாட் காலை உயிர் நீத்தார். அது ஜோலியெட் நகரம். பீல்டன், ஷ்வாப், நீபி மூவரும் அடைபட்டிருந்த சிறைச்சாலை அவ்வூரிலேதான் இருந்தது.