செவிகேளா நாய்க்கும் ஓர் இடம்

இராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. அத்தகைய நாயை ஆசையோடு வாங்கிக் குறுகிய வீட்டில் கட்டிப்போடுவோர், அது கடிக்க முற்பட்டதும் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுகின்றனர். இது முறையன்று.

இவ்வினத்து வெண்ணிறக் குட்டிகளிற் சில பிறவியிலேயே செவிகேளாதவை. உறங்குகையில் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அது அச்சமேயன்றிக் குரோதமன்று. தரையைத் தட்டி எழுப்பி, கைச்சைகையால் பொறுமையாகப் பழக்கினால் இணங்கும்.

வேலியடைத்த தோட்டமுடைய அங்கத்தினர்கள் இவற்றுள் ஒன்றை ஏற்க முன்வருமாறு வேண்டுகிறோம். வண்டியொலி கேளாதாகையால் தெருவில் அவிழ்த்துவிடலாகாது. சிறு குழந்தைகள் உள்ள இல்லத்திற்கு இது உகந்ததன்று. காப்பகத்தாரிடம் அதன் குணத்தை ஒளிவின்றிக் கேட்டறிதலும், வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாது போடுதலும் அவசியம்.

ஒருமுறை கைவிடப்பட்ட உயிரை மறுமுறையும் கைவிடலாகாது. இயலாதோர் ஏற்காதிருத்தலே மேல்.