உறுதி இல்லாத வீடு யாருடைய வீடு?



ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்ட வேண்டும் என்று கொழும்புக் கடைகளில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் 3 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 7 பேர்ச்சுக்கு 21 லட்சம் ஆகும். மாதம் 5,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் குடும்பம் அந்தத் தொகையைச் சேர்க்க 35 வருடங்கள் வேண்டும். அதுவும் வெறும் காணிக்குத்தான். சீமெந்தும் கம்பியும் தகரமும் அதற்குப் பிறகு.

வங்கியில் கடன் எடுக்கலாமே என்பார்கள். வங்கி முதலில் கேட்பது காணி உறுதி. ஊழியர் சேமலாப நிதியில் நமது பணத்தின் 30 சதவீதத்தை வீட்டுக்காக முன்கூட்டியே பெறும் ஏற்பாடு உண்டு. அங்கும் காணிக்குரிய ஆவணம் வேண்டும். லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவரிடம் அந்தக் கடதாசி எங்கே இருக்கிறது?

லயம் நிற்கும் நிலம் பெரும்பாலும் அரச காணி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை எழுதப்பட்டது. அந்தக் குத்தகைக்குள் நமது இஸ்தோப்பும் குசினியும் அடக்கம். அதனால்தான் வேலைக்குப் போகாத வீட்டாரிடம் "காம்பராவை விடு" என்று சொல்லும் துணிச்சல் வருகிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. ஆபத்து தெரிந்தாலும் வேறிடம் போகக் காணி இல்லாதவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதாகிறது.

7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் நல்ல தொடக்கம். ஆனால் இந்திய உதவியில் 10,000 வீடுகள் என்று நோர்வூட்டில் அறிவித்தது 2017இல். எத்தனை பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து கல்யாணமும் கட்டிவிட்டார்கள்!

"உறுதி கொடுத்தால் விற்றுவிடுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். நகரத்தில் உறுதி வைத்திருப்பவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. "தேயிலைக் காணி குறைந்துவிடும்" என்பதும் சரியான பதில் அல்ல. ஓர் ஏக்கர் 160 பேர்ச். பாதைக்கு விட்டாலும் ஏக்கருக்கு 20 குடும்பங்கள் குடியேறலாம். 500 குடும்பங்கள் உள்ள தோட்டத்துக்கு 25 ஏக்கர் போதும். கைவிட்டுக் காடாகிக் கிடக்கும் மலையே பல தோட்டங்களில் அதைவிட அதிகம்.

அதனால் நாம் கேட்பது மூன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நில அளவை செய்த, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி வேண்டும். அதில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் பெண்ணின் பெயர் விடுபடக் கூடாது. வேலை செய்தாலும் ஓய்வு பெற்றாலும் வீட்டுரிமை மாறக் கூடாது.

உங்களிடம் உள்ள பத்திரங்களைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அது உறுதியா, வெறும் கடிதமா, யார் பெயரில், எத்தனை பேர்ச், நில அளவைப் படத்தின் இலக்கம் உண்டா என்று ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். வீட்டுக் கடனுக்காகச் சம்பளத்தில் பணம் வெட்டப்பட்டிருந்தால் பழைய சம்பளத் துண்டுகளையும் எறியாமல் எடுத்து வாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தோட்டவாரியாகப் பட்டியல் தயாரானதும் அதைப் பிரதேச செயலகத்தில் நாமே கையளிப்போம்.