பிரகதி மைதானத்து நடராஜரும் சுவாமிமலைப் பட்டறையும்

2023 செப்டம்பர் 9, 10 தேதிகளில் டில்லியில் ஜி-20 உச்சி மாநாடு நடைபெற்றது. அப்போது பிரகதி மைதானத்தில் பாரத மண்டபத்தின் எதிரே நின்று உலகத் தலைவர்களை வரவேற்ற நடராஜர், கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையிலிருந்து வந்தவர். உயரம் 27 அடி, எடை 18 டன். மத்திய கலாசார அமைச்சகத்தைச் சேர்ந்த இந்திரா காந்தி தேசியக் கலை மையம் கொடுத்த ஆர்டரின் பேரில், ராதாகிருஷ்ணன் ஸ்தபதியும் அவருடைய குழுவினரும் சுமார் ஏழு மாதத்தில் வார்த்து, சாலை வழியே அனுப்பி வைத்தார்கள்.

டில்லித் தமிழர்களுக்குச் சுவாமிமலை புதிய பெயர் அல்ல. ராமகிருஷ்ணபுரத்தில் 1973-ல் கும்பாபிஷேகம் ஆன உத்தர சுவாமிமலைக்கு, நம்மவர் வாய்ப்பேச்சில் மலை மந்திருக்கு, கிருத்திகை தோறும் போகிறவர்கள் பலர். ஆனால் அந்த ஊரின் இன்னொரு முகமான வார்ப்புப் பட்டறைகளைப் பற்றி, சிலை வந்த பிறகுதான் தலைநகரில் பேச்சு எழுந்தது.

தேவசேனாபதி ஸ்தபதியின் புதல்வர்களான ராதாகிருஷ்ணன், ஸ்ரீகண்டன், சுவாமிநாதன் ஆகிய மூவரும் தந்தையின் பெயரிலேயே பட்டறையை நடத்தி வருபவர்கள். அறுபது வயதைத் தாண்டிய ராதாகிருஷ்ணன் ஸ்தபதிக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவர்கள் குடும்பம் 34 தலைமுறையாகச் சிலை வார்ப்பதாக அரசுக் குறிப்பு கூறுகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று கணக்குப் போட்டால் 850 ஆண்டு ஆகிறது. அது, பக்கத்துத் தாராசுரத்தில் ஐராவதேசுவரர் கோயிலை எழுப்பிய இரண்டாம் ராஜராஜ சோழன் காலத்தில் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கோயில் வேலைக்கு வந்தவர்களின் வழியினரே தாங்கள் என்பது சுவாமிமலை ஸ்தபதிகள் சொல்லி வரும் வரலாறு. கணக்கு மோசமாக இல்லை.

அது போகட்டும். 35-வது தலைமுறை பற்றியதே இப்போதைய கேள்வி.

மண்ணும் மெழுகும்

இந்தத் தொழில் எவ்வளவு நாளில் கைக்கு வரும் என்பதை அறிய, வேலை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெய் விட்டுக் காய்ச்சப்பட்டு, முதலில் மெழுகில் சிலை உருவாகும். தென்னை ஓலையை நறுக்கி, மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டே முகம், மார்பு, இடை, கால் என்று அளவு பிரிப்பார்கள். சிற்ப சாஸ்திரத்தில் உத்தம தசதாளம் என்ற கணக்கில் ஓர் உருவம் 124 பாகம். அடிக்கோல் பிடித்தவனுக்கு இந்த ஓலைக் கணக்கு பிடிபடாது. ஓலை பிடித்தவனுக்கு அடிக்கோல் தேவைப்படாது.

பிறகு மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூச வேண்டும். மெழுகில் கீறிய மயிரிழைக் கோட்டையும் பிடித்துக் கொள்ளும் நயம் அந்த மண்ணுக்கு உண்டு. நிழலில் காய்ந்ததும் கனத்த மண் பூச்சுகள், இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டித் தீயில் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே விழுந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். சாதாரணமாக ஐம்பொன், டில்லி நடராஜருக்கு செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளீயம், வெள்ளி, தங்கம், பாதரசம், இரும்பு என எட்டு. ஆறிய பின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ஊற்றும்போது எங்காவது காற்று அடைத்துக் கொண்டால் மாதக் கணக்கில் செய்த வேலை வீண். தப்பி வந்தாலும் உளியும் அரமும் பிடித்து நகை, விரல், திருவாசிச் சுடர் எல்லாம் திருத்த வேண்டும். கண் திறப்பது கடைசியில்.

மெழுகுக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர், உலைக்குச் சிலர், உளிக்குப் பலர் என்பதே பட்டறை. 18 டன் சிலையை எந்தக் குடும்பமும் தனியாக வார்த்துவிட முடியாது. பட்டறையின் பெயர் குடும்பத்துடையது; உழைப்பு கூலிக்காரர்களுடையதும் ஆகும். விழா மேடைகளில் இந்தப் பாதிச் செய்தி விட்டுப் போகிறது.

இரண்டு திட்டங்கள்

ஜி-20 மாநாடு முடிந்த ஒரு வாரத்தில், 2023 செப்டம்பர் 17 அன்று, துவாரகாவில் பிரதமர் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 18 தொழில்கள், சிற்பியும் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், 5 சத வட்டியில் இரண்டு தவணையாக 3 லட்சம் வரை கடன், பயிற்சி நாட்களுக்குத் தினம் 500 ரூபாய் உதவித்தொகை. 18 வயது நிரம்பி, குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அரசு ஊழியர் குடும்பத்துக்கு இடமில்லை என்பதால் டில்லிக் குமாஸ்தாக்கள் மனு எழுத அவசரப்பட வேண்டாம்.

தமிழகம் இதை ஏற்கவில்லை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும், வயதை 35 ஆக உயர்த்தவும் கோரிய முதல்வர் மு.க. ஸ்டாலின், இப்போதைய வடிவில் திட்டத்தை நடத்த இயலாது என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சர் ஜிதன் ராம் மாஞ்சிக்கு எழுதினார். பதினெட்டு வயதுப் பையன் கல்லூரிக்குப் போகாமல் அப்பன் தொழிலுக்குத் திரும்புவான் என்பது அரசின் அச்சம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்து, மறு ஆண்டே காமராஜ் கைவிட்ட கல்வித் திட்டத்தை மறக்காதவர்களுக்கு இந்த அச்சம் விளங்கும். 2025-ல் மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது: 25 தொழில்கள், 35 வயதுக்கு மேற்பட்டோர், 3 லட்சம் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். சாதி நிபந்தனை இல்லை.

சாதிக் கேள்வியில் தமிழகத்தின் நிலை சரியானதே. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் எந்தக் குடும்பத்துப் பிள்ளையும் உலோக வார்ப்பு பயிலலாம். ஆனால் பட்டறையின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இரண்டு திட்டமும் ஒரே இடத்தில் தடுக்குகின்றன. மத்திய திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள், மேற்பயிற்சி 15 நாள். ஓலை மடிக்கவே அது காணாது. மாநிலத் திட்டமோ தொழிலில் ஏற்கெனவே கால் ஊன்றியவருக்கு. இருபது வயதில் பட்டறைக்குள் நுழைபவனுக்கு அதில் ஒன்றுமில்லை. கடன் தொகையும் அப்படியே. செம்பு கிலோ 800 ரூபாய் என்று குறைத்து வைத்துக் கொண்டாலும் 3 லட்சத்துக்கு வருவது 375 கிலோ. சிறு விக்கிரகங்களுக்கு அது பெரிய துணை. பெரிய வார்ப்புக்கு உலை மூட்டவும் காணாது.

கூலிக்கு வந்து ஐந்தாறு வருடம் மெழுகும் மண்ணும் பழகுகிற பையனுக்கு, அந்த வருடங்களுக்கான சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்பதுதான் பட்டறைகளுக்கு உண்மையில் வேண்டியது. தேர்ந்த ஸ்தபதியிடம் இத்தனை வருடம் என்று எழுதிக் கொடுத்துச் சேருகிற பயிற்சியாளனுக்கு, அவன் எந்த வீட்டுப் பிள்ளையானாலும், மாதச் சம்பளம் தரலாம். ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸ்களுக்கு வெகுகாலமாக நடக்கும் ஏற்பாடுதான் இது.

இன்னொன்று, ஆர்டர். 18 டன் சிலைக்கு டில்லியிலிருந்து அடிக்கடி ஆர்டர் வரப்போவதில்லை. பட்டறையில் தினமும் அடுப்பு எரிவது கோயில் உற்சவ மூர்த்திகளாலும், ஒரு அடி, அரை அடி விக்கிரகங்களாலும்தான். அவற்றை பாபா கரக் சிங் மார்க்கில் உள்ள பூம்புகார் கடையில் பார்க்கலாம். வாங்குகிறவர், கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்குவது நல்லது: மெழுகில் வார்த்ததா, அச்சில் அடித்ததா என்று.