தறியில் கழிந்த ஆயுள்

நமது கல்முனைக் கரையோரத்தில் கலியாணம் முடித்த பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே பெண்பிள்ளை பிறந்த அன்றே வீடு கட்டும் கவலையும் பிறந்துவிடும். அந்த வீடுகளை வாப்பாமார் கட்டினார்கள் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருதமுனைப் பக்கத்தில் எத்தனை வீடுகளின் கல்லும் சீமெந்தும் உம்மாமாரின் தறியிலிருந்து வந்தவை என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

எனது மூத்தம்மா 2019இல், 84 வயதில் மௌத்தானார். 12 வயதில் நூல் சுற்றப் பழகி, பின்பு தறியில் இருந்தவர். 1968இல் கணவர் இறந்தபோது அவரிடம் எஞ்சியவை இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு கைத்தறியும்தான். இத்தா முடிந்த மறுநாளே தறியில் ஏறினார். சுபஹுக்கு முன் எழும்பிச் சமைத்து வைப்பார். சாயம் போட்ட நூலைக் காயவைத்துவிட்டு இருட்டும்வரை சாரன் நெய்வார். அந்தக் காசில்தான் 1974இல் பெரியம்மாவுக்கு வீடு எழும்பியது.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுத் துணி மலிவாக இறங்க, கைத்தறிக்குக் கேள்வி குறைந்தது. மூத்தம்மா பகலில் நெய்தார், இரவில் பன் பாய் இழைத்தார், விடியலில் இடியப்பம் அவித்து விற்றார். 1982இல் என் உம்மாவுக்கும் வீடு முடிந்தது. உம்மா ஆசிரியையாகப் பாடசாலைக்குப் போனபோது எங்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஓதப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவரே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. நாட்டிலேயே ஆகக்கூடிய உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். எங்கள் உயிர் தப்பியது. இரண்டு வீடுகளும் தறியும் போயின. பிறகு கிடைத்த வீட்டுக்குக் “குடும்பத் தலைவர்” என்று மருமகனின் பெயரைப் பதிந்தார்கள். பல ஊர்களிலும் இப்படியே நடந்தது. பெண் வழியாக வந்த வீடு, ஒரு படிவத்தால் ஆண் பெயருக்கு மாறிற்று. மூத்தம்மா சண்டை பிடிக்கவில்லை. “காயிதத்தில மருமகன்ட பேர் கிடக்கட்டும் மகள். கடல் கொண்டு போன ஊடு ஆர்ட?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய மரணத்தைப் பதியும்போது தொழில் என்ன என்று கேட்டார்கள். “ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தவ” என்றார் மாமா. மாமாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் படிவத்தோடு போகும் வீடுகளில் பாய் இழைத்துக்கொண்டிருக்கும் பெண்களே “சும்மாதான் இருக்கிறேன்” என்கிறார்கள். தொழில் இல்லை என்று பதிந்தால், தொழிலாளிக்கு வரும் கடனும் உதவியும் அவர்களைத் தேடி வருமா?

சகோதரிகளே, உங்கள் வீட்டில் வயதான உம்மாவோ மூத்தம்மாவோ இருந்தால், ஒரு பின்னேரம் அவரோடு உட்காருங்கள். எத்தனை வயதில் உழைக்கத் தொடங்கினார், என்ன செய்தார், அந்தக் காசு எதற்குப் போனது என்று கேட்டு, ஒரு கொப்பியில் ஆண்டு போட்டு எழுதுங்கள். வீட்டு உறுதியும் காணி அனுமதிப்பத்திரமும் யார் பெயரில் உள்ளன என்று பாருங்கள். ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு ஒழுங்குகூட 2022இல் திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டிலும் இதைப் பேசுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள்.