ஏழு பேர் போதும்: கூடைப்பந்து வீராங்கனைகளின் சங்கம் குறித்து

விளையாட்டு வீராங்கனை ஒருவர் போட்டிகள் இல்லாத மாதங்களில் என்ன செய்வார் என்று கேட்டால், ஓய்வெடுப்பார், பயிற்சி செய்வார், விளம்பரத்தில் நடிப்பார் என்ற மூன்று விடைகளே நமக்குப் பழகியவை. ஒப்பந்த வரைவைப் படிப்பார், சக ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்து அவர்களுடைய குறைகளைக் குறித்துக்கொள்வார், அணி உரிமையாளர்களின் வழக்கறிஞர்களுக்கு எதிரே அமர்ந்து பேசுவார் என்ற விடை நமக்குத் தோன்றுவதேயில்லை. அத்தகைய வீராங்கனை உருவாவதற்கான அமைப்பு நம் கூடைப்பந்தில் இல்லை என்பதே அதற்குக் காரணம். அந்த இன்மையை இயல்பென்று கருதும் விளையாட்டு நிர்வாகத்தையும், அதைக் கேள்விக்கு உட்படுத்தாத நம் ஆய்வுத் துறைகளையும் எதிர்த்தே இப்பதிவை எழுதுகிறேன்.

இருக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் ஆட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1998இல், ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 2016இல் அச்சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் நெக்கா ஓகுமிகே. அதே ஆண்டில்தான் அவர் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில் பந்தைக் கூடையில் இட்டு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ் அணிக்குக் கோப்பையையும் பெற்றுத் தந்தார். அந்த வீச்சைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1 நவம்பர் 2018 அன்று நடப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அவருடைய சங்கம் அறிவித்ததையும், அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக நீண்ட பேச்சுவார்த்தைகளையும் நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே. பெண்கள் கூடைப்பந்தின் வரலாற்றை மாற்றியதில் அந்தப் பேச்சுவார்த்தைகளுக்கு இருக்கும் பங்கு எந்த வீச்சுக்கும் இல்லை என்பது என் வாதம்.

14 ஜனவரி 2020 அன்று அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். உச்ச அடிப்படை ஊதியம் சுமார் 1,17,500 டாலரிலிருந்து 2,15,000 டாலராக உயர்ந்தது. அதுவரை பாதி ஊதியத்துக்கு மட்டுமே உறுதி இருந்த மகப்பேற்று விடுப்புக்கு முழு ஊதியம் கிடைத்தது. குழந்தை உள்ள ஆட்டக்காரருக்கு இரண்டு படுக்கையறை வீடு, பாலூட்டுவதற்குத் தனியிடம், குழந்தைப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை, பயண விடுதியில் ஒருவருக்கு ஓர் அறை, விமானத்தில் கால் நீட்டி அமரக்கூடிய இருக்கை ஆகியனவும் அதில் இடம்பெற்றன. ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒருவர் நெருக்கமான இருக்கையில் பல மணி நேரம் பறந்து மறுநாள் ஆடுவதன் வலியை எந்த நிர்வாகியும் தானாக முன்வந்து எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். அறை, இருக்கை, பால், குழந்தை என்பன உரிமையாளரின் கணக்கேட்டில் தாமாக எழுந்து வருபவையல்ல. அந்த வாழ்வை வாழ்பவர் பேச்சுவார்த்தை அறைக்குள் இருந்ததால் மட்டுமே அவை ஒப்பந்தத்தின் விதிகளாயின.

இந்த உழைப்பு எந்த மாதங்களில் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். உள்நாட்டு ஊதியம் போதாமையால் அவர்களுள் பலர் போட்டியில்லாத மாதங்களில் ரஷ்யா, துருக்கி, சீனா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஆடினார்கள். ஓகுமிகேயும் ரஷ்யாவின் டைனமோ குர்ஸ்க் அணிக்கு ஆடியவர்தான். பிரிட்னி கிரைனர் பிப்ரவரி 2022இல் மாஸ்கோ விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பர் வரை சிறைப்பட்டிருந்தது அப்படிப்பட்ட ஒரு பயணத்தின்போதுதான். ஓய்வு என்று பெயரிடப்பட்ட மாதங்களில் இரண்டாவது வேலை, அதற்கும் மேல் சங்கப் பணி என்னும் மூன்றாவது வேலை. அந்த மூன்றாவது வேலைக்குக் கைதட்டுவோர் இல்லை.

அது முடிந்துபோன வேலையும் அன்று. 2024 ஜூலையில் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள ஒளிபரப்பு உரிமத்தைத் தொடர் நிர்வாகம் விற்றது. அவ்வாண்டு அக்டோபரில் சங்கம் 2020 ஒப்பந்தத்திலிருந்தும் விலகியது. 2025 ஜூலையில் இண்டியானாபோலிஸில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில், தரவேண்டியதைத் தரச் சொல்லும் வாசகம் பொறித்த சட்டையுடன் வீராங்கனைகள் களமிறங்கினார்கள். சட்டையை உலகம் முழுவதும் படம் பிடித்துப் பரப்பினார்கள். அதன் பின்னால் இருந்த கூட்டங்களைப் படம் பிடித்தவர் யாருமில்லை.

இனி நம் நிலையைப் பார்ப்போம். இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் நிறுவப்பட்டது. அதன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பவை மாநிலச் சங்கங்கள், ஆடுபவர்கள் அல்லர். 2015இல் இரு தரப்புகள் தனித்தனியே தேர்தல் நடத்தி, தாமே கூட்டமைப்பு என்று உரிமை கோரின. ஒரு தரப்புக்குக் கர்நாடகக் காங்கிரஸைச் சேர்ந்த கே. கோவிந்தராஜும் மறுதரப்புக்குப் பாஜகவின் பூனம் மகாஜனும் தலைமை தாங்கினார்கள். பன்னாட்டு அமைப்பான ஃபிபா கோவிந்தராஜ் தரப்பை ஏற்றது. இருவருள் ஒருவர் பெண். அதனால் வீராங்கனைகளுக்கு ஒரு வாக்கும் கூடிவிடவில்லை. 2023இல் தலைமைக்கு வந்த ஆதவ் அர்ஜுனா இளமையில் கூடைப்பந்து ஆடியவர், இன்று அரசியல்வாதி. இவர்களில் யாருடைய நல்லெண்ணத்தையும் நான் ஐயுறவில்லை. நல்லெண்ணத்தை நம்பி நிற்கவேண்டிய நிலையையே எதிர்க்கிறேன்.

நம் வீராங்கனைகள் எதைச் சாதிக்கவில்லை? 2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா அரங்கில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தார்கள். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ஆடினார், 2011இல் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாம்களுக்குச் சென்றார். சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணியின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்விருவருக்கும் வாழ்வளித்தது தென்னக ரயில்வே. இங்கேதான் ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். ரயில்வேயில் பணிபுரியும் வீராங்கனைக்கு, ரயில்வே ஊழியர் என்ற முறையில், எந்தத் தொழிற்சங்கம் தன் சார்பில் பேச வேண்டும் என்று ரகசிய வாக்கெடுப்பில் முடிவுசெய்யும் உரிமை உண்டு. 2024 டிசம்பரிலும் அத்தகைய அங்கீகாரத் தேர்தல் நடந்தது. அவரே இந்தியச் சட்டையை அணிந்ததும் அவருக்காகப் பேச யாருமில்லை. மகப்பேற்று விடுப்பும் ஓய்வூதியமும் அலுவலக இருக்கைக்கு உரியவை; களத்துக்கு உரியவையல்ல. வேலை கிடைக்காத வீராங்கனைக்கு இரண்டும் இல்லை.

2025ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் இக்குறையைத் தீர்த்துவிட்டது என்பார் உளர். 15 பேருக்கு மிகாத செயற்குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும், தகுதி வாய்ந்த விளையாட்டு வீரர்கள் இடம்பெற வேண்டும், வீரர்கள் குழுவொன்று அமைய வேண்டும் என்கிறது அச்சட்டம். வரவேற்கிறேன். ஆனால் ஒரு நிறுவனத்தின் உள்ளே அந்நிறுவனமே அமைக்கும் குழு வேறு. அதற்கு வெளியே, தன் சந்தாவில், தன் உறுப்பினர்களுக்கு மட்டுமே பொறுப்புக் கூறும் சங்கம் வேறு. முன்னது ஆலோசனை கூறும். பின்னது பேரம் பேசும், தேவைப்பட்டால் மறுக்கும். மறுக்கும் ஆற்றல் இல்லாத பிரதிநிதித்துவத்தைப் பங்கேற்பு என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதி. கிரிக்கெட்டைப் பாருங்கள். லோதா குழுவின் பரிந்துரையை ஒட்டி 2019இல் உருவான இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. ஆடிக்கொண்டிருப்பவர் அதில் உறுப்பினராக முடியாது. உழைப்பவரை விலக்கி வைத்துவிட்டு உழைத்து முடித்தவருக்குச் சங்கம்!

‘முதலில் தொடர் வரட்டும், பணம் வரட்டும், பிறகு சங்கம்’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் மறுப்பு. வரலாறு இதை மறுக்கிறது. 1998இல் டபிள்யூ.என்.பி.ஏ. இரண்டே வயதான, எதிர்காலம் தெரியாத முயற்சி. பணம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. வந்தபோது அதில் பங்கு கேட்கும் வலிமை இருந்தது அதனால்தான். மேலும், பணமே இல்லாத இடத்தில்தான் சங்கம் முதலில் தேவைப்படுகிறது. 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரில் கபடிச் சிறுமியருக்கான உணவு கழிப்பறையில் வைக்கப்பட்டிருந்த காணொளியை நாடே பார்த்தது. அதைத் தடுக்கப் பல கோடி ரூபாய் வேண்டியதில்லை. தங்குமிடத்தையும் உணவையும் முன்கூட்டியே சரிபார்க்கும் உரிமை ஆடுபவர்களின் பிரதிநிதி ஒருவருக்கு இருந்திருந்தால் போதும்.

‘இது அமெரிக்கச் சரக்கு, நம் பெண்களுக்கு ஒத்துவராது’ என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு விடை தேட நான் கடல் கடக்க வேண்டியதில்லை. ஹெப்பகோடியில் இருந்தபடியே சொல்லலாம். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு வருங்கால வைப்புநிதி விதியைத் திருத்தியது. நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றது அத்திருத்தம். ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளிப் பகுதியின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஓசூர் சாலைக்கு வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் நிகழ்ந்தன. ஹெப்பகோடி காவல் நிலையம் கல்வீச்சுக்கு உள்ளாயிற்று, வண்டிகள் எரிந்தன. அன்று மாலையே மத்திய அரசு திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்கள் இரண்டு நாட்களில் நாடு முழுமைக்குமான விதியொன்றை வீழ்த்தினார்கள். கூட்டாக மறுப்பது இந்நிலத்துப் பெண்களுக்கு அந்நியம் என்று யார் சொல்வது?

ஆனால் 2016இன் பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லாதவர்கள். விதி மாறுமுன் அவர்களைக் கேட்டவர் இல்லை. சாலை மட்டுமே அவர்களுக்கு எஞ்சிய பேச்சுவார்த்தை அறையாயிற்று. வெற்றிக்குப் பின் வழக்குகளும் கைதுகளும் அவர்கள் தலைமீதே விழுந்தன. 2023இல் மல்யுத்த வீராங்கனைகளுக்கும் இதுவே நேர்ந்தது. பாலியல் துன்புறுத்தல் புகாரை எடுத்துச் செல்ல அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லாததால், வினேஷ் போகாட்டும் சாக்ஷி மாலிக்கும் ஜந்தர் மந்தரின் நடைபாதையில் உறங்கினார்கள். மே 28 அன்று இழுத்துச் செல்லப்பட்டார்கள். டிசம்பரில் சாக்ஷி தம் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டே விலகினார். தெருவுக்கு வந்தவர்களின் வீரத்தை நாம் கொண்டாடுகிறோம். அவர்களைத் தெருவுக்குத் தள்ளிய வெறுமையைப் பற்றி எழுத மறுக்கிறோம்.

இக்குற்றச்சாட்டில் நம் கல்விப்புலத்துக்கும் பங்குண்டு. விளையாட்டும் பெண்ணும் என்ற தலைப்பில் நாம் எழுதும் கட்டுரைகள் உடல், பிம்பம், ஊடகச் சித்திரிப்பு ஆகியவற்றைச் சுற்றியே வருகின்றன. அவை தேவையற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயணப்படி யார் கையில் வருகிறது, காயமுற்றவரின் அறுவை சிகிச்சைக்கு யார் பணம் தருகிறார், அணித்தேர்வில் முறையீடு செய்ய வழி என்ன என்ற கேள்விகள் ஆய்வேட்டில் இடம்பெறாதவரை, ‘அதிகாரமளித்தல்’ என்ற சொல்லை நாம் அலங்காரமாகவே பயன்படுத்துகிறோம். திரைப்படத்தில் வரும் வீராங்கனையைப் பற்றி நம்மால் நாற்பது பக்கம் எழுத முடிகிறது. பக்கத்து விடுதியில் இருக்கும் பல்கலைக்கழக அணியின் வீராங்கனையிடம் நாற்பது நிமிடம் பேச முடிவதில்லை.

ஆகவே மாணவர்களுக்கும் ஆடுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படியும் கர்நாடகத்தின் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். கூடைப்பந்து அணி ஒன்றில் 12 பேர் இருக்கிறார்கள். முதல் நாளிலேயே கூட்டமைப்பு உங்களை அங்கீகரிக்காது. ஊதியப் பேரம் தொலைவில் இருக்கிறது. ஆயினும் தங்குமிடம், பயணம், காயச் சிகிச்சை, மகப்பேற்றுக்குப் பின் தேர்வு முகாமுக்குத் திரும்பும் உரிமை, புகாரை விசாரிக்கும் குழுவில் வெளியாரின் இருப்பு ஆகிய ஐந்து கோரிக்கைகளை எழுதி, ஐம்பது பேரிடம் கையொப்பம் பெற்று, ஆண்டுக்கு மூன்று முறை கூடி, நடந்ததைக் குறிப்பேட்டில் பதிவது இன்றே இயலும். சட்டம் படிப்பவர்கள் விதிமுறைகளை எழுதித் தரலாம். பொருளியல் படிப்பவர்கள் கூட்டமைப்பின் வரவுசெலவைப் படித்து விளக்கலாம். பெண்ணியல் துறைகள் கூட்டம் நடத்த ஓர் அறையைத் தரலாம்.

இன்று ஓசூர் சாலையின் மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மஞ்சள் தடத்தில் எங்கள் ஊர் நிலையம் ஒரு நிறுவனத்தின் பெயரை ஊர்ப்பெயருக்கு முன்னால் தாங்கி நிற்கிறது. நிதி தந்தவர்கள் பெயரைப் பெற்றார்கள். அது அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். கீழே அதே சாலையில் நின்று விதியை மாற்றிய பெண்களுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை, அதனால் பெயரும் இல்லை. கூடைப்பந்து ஆடும் நம் பெண்களுக்கும் அதே கதி நேர வேண்டாம் என்பவர்கள், அடுத்த போட்டி முடிந்ததும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்ட பின் கலைந்து போகாமல், ஏழு பேராக உட்கார்ந்து பேசத் தொடங்கட்டும்.